ஒரு நூல் கம்மி

டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சப் பலகையில் மாட்டி, பேனா முனையால் இடுப்பு மூட்டைச் சுற்றி வட்டம் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தபோது, பம்பரம் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. அவர் குதிகாலால் தரையைத் தட்டிக்கொண்டிருந்தார். நாற்காலிக்குக் கீழே ஒரு தட்டு, மேஜையோரம் ஒரு தட்டு, கதவுப் பக்கம் காலை நீட்டி ஒரு தட்டு. தொடை எலும்பின் பந்துக்கு ரத்தம் போவது நின்றுவிட்டது, எலும்பு உள்ளுக்குள்ளேயே செத்துக்கொண்டிருக்கிறது, மூட்டையே மாற்றினால்தான் ஆச்சு என்று டாக்டர் பொறுமையாகச் சொல்லி முடித்துவிட்டு, ஏதாவது கேட்க வேண்டுமா என்றார்.

"சார், மேஜைக்கு அடியில அந்த ரெண்டாவது டைல் உள்ள காலியா இருக்கு. சீக்கிரம் விரிசல் விட்டுடும்" என்றார் பம்பரம்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி தலையில் கை வைத்துக்கொண்டார்.

பம்பரம் என்பது வேலையிடத்தில் வைத்த பெயர். வயது இன்னும் நாற்பதைத் தொடவில்லை. வீடுகளுக்கும் கடைகளுக்கும் தரை டைல்ஸ் பதிப்பது தொழில். உட்கார் என்று சொன்னால் அவருக்கு இருப்புக் கொள்ளாது. சாப்பிடுவது நின்றுகொண்டு. போன் வந்தால் பேசி முடிப்பதற்குள் தெருமுனை வரை போய்த் திரும்பியிருப்பார். டி.வி. செய்தியைக் கூடத்தில் கொஞ்சம், அடுக்களையில் கொஞ்சம், பால்கனியில் கொஞ்சம் என்று துண்டு துண்டாகக் கேட்டு, வெள்ளம் எந்த ஊரில், தேர்தல் எந்த ஊரில் என்று எல்லாவற்றையும் குழப்பிக்கொள்வார். அவரைச் சினிமாவுக்கு அழைத்துப் போவதை மனைவி என்றைக்கோ நிறுத்திவிட்டார். பின் வரிசைக்காரர்கள் எவ்வளவுதான் பொறுப்பார்கள்?

அப்படிப்பட்ட மனிதர் அடங்கி இருந்தது தரையில்தான். குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கலவையைப் பரப்பி, டைலை வைத்து, ரப்பர் சுத்தியலால் தட்டி, காதைச் சாய்த்துச் சத்தம் கேட்பார். உள்ளே காலியாக இருந்தால் ஒரு சத்தம், நன்றாகப் பிடித்திருந்தால் வேறு சத்தம். பிறகு எழாமலே பின்னால் நகர்வார். காலையில் எதிர்ச்சுவரில் தொடங்கினால், மாலையில் வாசற்படி முதுகில் இடிக்கும்போதுதான் எழுந்திருப்பார்.

பெருமையெல்லாம் கண்ணில் இருந்தது. தரை மட்டமாக இருக்கிறதா என்று பார்க்க மற்றவர்கள் ரசமட்டம் வைப்பார்கள். கண்ணாடிக் குழலுக்குள் குமிழி நடுவில் வந்து நிற்கும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பார்கள். இவர் வாசலில் நின்று இடது கண்ணை மூடுவார். "அந்த மூலை ஒரு நூல் கம்மி" என்பார். நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. 'தோணுது' என்ற சொல் அவர் வாயில் வராது. கம்மி என்றால் கம்மி. உடனே டீக்குப் பந்தயம் கட்டி, ரசமட்டத்தைக் கொண்டுவந்து வைப்பார்கள். குமிழியும் அவர் பக்கமே சாட்சி சொல்லும். அந்த நாட்களில் பம்பரம் தன் கைக்காசில் டீ குடித்ததில்லை.

கல்யாணமான புதிதில் மனைவி ஆசையாக ஒரு ரசமட்டம் வாங்கிக் கொடுத்தார். "கண்ணு இருக்கும்போது இது எதுக்கு?" என்று சொல்லி, உறைகூடப் பிரிக்காமல் அலமாரிக்குள் போட்டவர்தான் பம்பரம். கடந்த ஒன்றிரண்டு வருடங்களாகப் பந்தயத்துக்கு யாரும் வருவதில்லை. தோற்றுத் தோற்று அலுத்துப்போய்விட்டார்கள் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

வலி எப்போது வந்தது என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது. முதலில் தொடை இடுக்கில் ஒரு பிடிப்பு. வலி முழங்காலில் தெரிந்ததால் முழங்காலுக்குத் தைலம் தேய்த்தார். பிறகு குத்துக்கால் போட்டால் எழுந்திருக்கச் சுவரைத் தேட வேண்டியிருந்தது. காலி பெயின்ட் வாளியைக் கவிழ்த்து, அதன்மேல் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்து டைல் போட ஆரம்பித்தார். கேட்டவர்களிடம், இப்போதெல்லாம் இப்படித்தான் போடுகிறார்கள் என்று அளந்துவிட்டார். நடக்கையில் ஒரு தோள் இறங்கி ஏறியது. செருப்பு ஒற்றைப் பக்கமாகத் தேய்ந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினார். ஒருநாள் மாடிப்படியில் பாதி ஏறியவர் மேலேயும் போக முடியாமல் கீழேயும் இறங்க முடியாமல் நின்றுவிட, மனைவி கையோடு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்.

மூட்டு மாற்றுச் சிகிச்சைக்கு வந்தவர்கள் காத்திருக்கும் கூடத்தில் பம்பரம்தான் பொடியன். மற்றவர்கள் எல்லோரும் பல்செட் கட்டியவர்கள். நர்ஸ் வெளியே வந்து இவரைப் பார்த்து, "பேஷண்ட் எங்க சார், பாத்ரூம் போயிருக்காரா?" என்று கேட்டார். 'இந்த வயசுலயா?' என்று அக்கா போனில் அழுதார். அதையே மாடி வீட்டுக்காரர் கேட்டார், ஹார்டுவேர் கடைக்காரர் கேட்டார், வழியில் பார்த்த பழைய வாடிக்கையாளர்கூட வண்டியை நிறுத்திக் கேட்டார். வயசான பிறகு கூட்டமாக இருக்கும், அதனால் முன்கூட்டியே முடித்துக்கொள்கிறேன் என்று பம்பரம் சிரித்து வைப்பார். வீட்டுக்கு வந்தால் அந்தச் சிரிப்பு இருக்காது.

டாக்டரிடம் அவர் உருப்படியாகக் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று. திரும்பவும் குத்துக்காலிட்டு உட்கார முடியுமா? டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. புது மூட்டும் தேயும். சின்ன வயதுக்காரர்கள் அதிகம் ஓடியாடுவதால் சீக்கிரமே தேயும். பிற்காலத்தில் இன்னொரு முறை மாற்ற வேண்டிவரலாம். குத்துக்கால், சம்மணம், தாழ்ந்த இருக்கை எல்லாவற்றையும் மறந்துவிடுவது நல்லது என்றார். கத்திக்குப் பம்பரம் பயப்படவில்லை. தரையில் உட்கார முடியாத டைல்ஸ்காரரை யார் வேலைக்குக் கூப்பிடுவார்கள்?

கூப்பிட ஒருவர் இருந்தார். பல வருடங்களாக இவருக்கு வேலை தரும் காண்டிராக்டர், ஒரு பள்ளிக்கூடத்தின் புதுக் கட்டிடத்தை எடுத்திருந்தார். நீளமான தாழ்வாரம், மாடிக்கு மாடி. "நீ உக்கார வேணாம். நின்னு மட்டம் மட்டும் சொல்லு, பசங்க போடுவாங்க" என்றார். முதலில் பம்பரத்துக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. நின்று வேடிக்கை பார்க்கிறவனுக்குக் கூலி எதற்கு என்று மனைவியிடம் குதித்தார். நாலு நாள் கழித்து அந்தத் தாழ்வாரத்தைத் தவிர வேறு பேச்சே அவரிடம் இல்லை. போனால் இடுப்புதானே போகிறது, கண் இருக்கிறதே என்று தன்னையே தேற்றிக்கொண்டார்.

ஆபரேஷனுக்குத் தயாராகச் சொன்னதும் பம்பரத்துக்குக் காலில் சக்கரம் கட்டிவிட்ட மாதிரி ஆகிவிட்டது. கட்டிலுக்கு அடியில் கட்டை கொடுத்து உயர்த்தினார். நடைவழியில் கிடந்த மிதியடிகளைச் சுருட்டிப் பரணில் போட்டார். ஊன்றுகோலோடு மாடிப்படி ஏறிப் பழகினார்: ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது கெட்ட கால் முதலில். அதோடு நிறுத்தியிருக்கலாம். குளியலறைத் தரை வழுக்குகிறது, ஆபரேஷனுக்குப் பிறகு விழுந்து வைத்தால் என்ன ஆவது என்று சொல்லி, அதை உடைத்துப் போட்டுவிட்டார். ஆளை வைத்துச் செய்யலாமே என்று மனைவி கெஞ்சினார். இவரா கேட்பார்? வாளியைக் கவிழ்த்து, வலிக்காத பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்து, சொரசொரப்பான டைல்ஸ் வாங்கிவந்து ஒவ்வொன்றாகப் பதித்தார். தண்ணீர் ஓடுவதற்கான வாட்டத்தை வழக்கம்போலக் கண்ணாலேயே பார்த்து வைத்தார். சுவரில் கைப்பிடிக் கம்பிகளும் அடித்தார். கலவை இறுகி அந்தத் தரையில் முதல் தண்ணீர் விழுந்தது ஆஸ்பத்திரிக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள்தான். அன்று கடைசியாகக் குளித்தவர் மனைவி.

முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்தார்கள். தூங்க வைக்கட்டுமா என்று கேட்டபோது வேண்டாம் என்றுவிட்டார் பம்பரம். ஆபரேஷன் முழுக்க, மார்புக்குக் குறுக்கே கட்டிய திரைக்கு இந்தப் பக்கம் காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தார். அந்தப் பக்கம் சுத்தியல் சத்தம். டொக், டொக் என்று தட்டிக்கொண்டே வந்த டாக்டரின் கையில் சட்டென்று சத்தம் மாறி 'டங்' என்றது. "பிடிச்சுடுச்சு, போதும் சார்" என்றார் பம்பரம். திரைக்கு அந்தப் பக்கம் யாரோ சிரித்தார்கள். அதற்குத்தான் நாங்களும் காத்திருக்கிறோம் என்று டாக்டர் குரல் கேட்டது. அன்று மாலையே வாக்கரைப் பிடித்து நிற்க வைத்துவிட்டார்கள். பழைய வலி இல்லை. தையல் வலி இருந்தது, ஆனால் எலும்புக்குள் பல்லாய்க் கடித்துக்கொண்டிருந்த அந்த வலி இல்லை. பம்பரம் வெட்கமில்லாமல் அழுதார்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் மனைவிக்குச் சோதனை ஆரம்பித்தது. கால்களுக்கு நடுவில் தலையணை வைத்து மல்லாந்து படுக்கச் சொன்னால், படுத்தபடியே கூரைக்கும் சுவருக்கும் குறை கண்டுபிடித்தார். மனைவிக்கு ஒரு ஹோட்டலின் சலவைப் பகுதியில் வேலை. நாள் முழுக்கப் படுக்கை விரிப்புகளை முனையோடு முனை சேர்த்து மடித்துவிட்டு வருபவர். வந்ததும் வராததுமாக, இவரை உயரமான நாற்காலியில் உட்காரவைத்துக் குளிப்பாட்டுவார். முடிந்ததும் முதல் வேலையாக இவரை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்திக்கொள்வார். உள்ளே வைப்பர் தரையில் இழுபடும் சத்தம் வெகுநேரம் கேட்கும். இந்தச் சுத்தப் பைத்தியம் எப்போது பிடித்தது என்று பம்பரம் கேலி செய்வார். மனைவி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு அடுக்களைக்குப் போய்விடுவார்.

வாக்கரிலிருந்து ஊன்றுகோலுக்கு மாறியதும் புதுப் பிரச்சினை கிளம்பியது. ஆபரேஷன் செய்த கால் நீளமாகிவிட்டது என்றார் பம்பரம். டாக்டர் அளந்து பார்த்து, இரண்டும் சமம் என்றார். இவர் நம்பவில்லை. அடுத்தவர் போட்ட மட்டத்தை அவர் எப்போது நம்பியிருக்கிறார்? அலமாரியிலிருந்து அந்த ரசமட்டத்தை எடுத்து உறையைப் பிரிக்கச் சொன்னார். சுவரோடு சுவராக நின்று, இரண்டு இடுப்பு எலும்புகளின் மேலும் அதைப் படுக்கவைத்து மனைவியைப் பார்க்கச் சொன்னார். குமிழி நடுவில் இருந்தது. வாங்கும்போதே கோளாறான மட்டத்தை உன் தலையில் கட்டியிருக்கிறார்கள் என்றார். மட்டத்தை இடவலமாகத் திருப்பி வைத்துப் பார்க்கச் சொன்னார். மட்டம் பொய் என்றால் திருப்பினதும் காட்டிக்கொடுத்துவிடும். குமிழி அசையாமல் அதே நடுவில் நின்றது. பம்பரம் மட்டத்தைத் திரும்பவும் உறைக்குள் போட்டார். மறுநாள் ஒரு ரப்பர் துண்டை வெட்டி, யாருக்கும் தெரியாமல் மற்றக் காலின் செருப்புக்குள் ஒட்டிக்கொண்டார்.

நடை மோசமாகி முதுகும் வலிக்கத் தொடங்கியது. பிசியோதெரபி கொடுத்தவர் சின்ன வயதுப் பெண். சிரிப்பை வீட்டிலேயே வைத்துவிட்டு வருபவர். அவர் செருப்பைக் கழற்றச் சொல்லி, உள்ளே விரலை விட்டு ரப்பரைப் பிய்த்து எடுத்தார்.

"எத்தனை வருஷமா நொண்டினீங்க சார்?"

"நொண்டலைங்க மேடம். கொஞ்சம் சாய்ஞ்சு நடப்பேன், அவ்வளவுதான்."

"அந்தச் சாய்வுதான் நேர்னு உங்க உடம்பு முடிவு பண்ணி வெச்சிருக்கு. இப்பதான் நீங்க நேரா நிக்கிறீங்க. அதான் கோணலா தெரியுது."

ஆட்டோவில் வீடு திரும்பும்வரை பம்பரத்தின் கால் ஆடவில்லை. அவர் கால் ஆடாமல் உட்கார்ந்திருந்தால் ஏதோ பெரிய விஷயம் என்று அர்த்தம். வீட்டில் மனைவி வேலையிலிருந்து திரும்பியிருக்கவில்லை. நேராகக் குளியலறைக்குப் போய், நாற்காலியை ஓரமாகத் தள்ளி, கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு குவளைத் தண்ணீரைத் தரையில் ஊற்றினார். தண்ணீர் கொஞ்சம் யோசித்தது. பிறகு வடிகுழியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், கைகழுவும் தொட்டிக்குக் கீழே இருந்த மூலைக்குப் போய்த் தேங்கியது. இன்னொரு குவளை ஊற்றினார். அதுவும் அதே மூலைக்குப் போனது. வாளியின் மேல் எந்தப் பக்கம் சாய்ந்து உட்கார்ந்தாரோ, அந்தப் பக்கம்.

மனைவி கைப்பையோடு வந்து கதவருகே நின்றார். "பாத்துட்டீங்களா" என்றார்.

"உனக்கு எப்பலேர்ந்து தெரியும்?"

"ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முந்தின நாளே."

"சொல்லியிருக்கலாமே."

"கத்தி வெச்சுக்கப் போற மனுஷன்கிட்டப் போயி தரை கோணல்னு சொல்லுவாங்களா? அப்புறம் சொல்லலாம்னுதான் இருந்தேன். நீங்க அந்த ஸ்கூல் வேலையைப் பத்தியே பேசிட்டிருந்தீங்க. எனக்கு மனசு வரலை."

தினமும் கேட்ட வைப்பர் சத்தம் பம்பரத்துக்கு இப்போது காதில் அறைந்தது. டீப் பந்தயம் நின்றுபோன காரணமும் அந்த ஈரத்தில் நின்றபடியே விளங்கிவிட்டது. தோற்று அலுத்தவர்கள் யாருமில்லை. நொண்டி நொண்டி வேலைக்கு வந்த ஒருவரை ஜெயிக்க யாருக்கும் மனமில்லாமல் போயிருக்கிறது. அவமானம் ஒரு பக்கம், அவர்கள் மேல் பிரியம் ஒரு பக்கம். மனைவியின் கையிலிருந்த பையை வாங்கி மாட்டிவிட்டு, வைப்பரை எடுத்துத் தேங்கிய தண்ணீரை வடிகுழிவரை தானே தள்ளினார்.

அன்றே காண்டிராக்டரைப் போனில் பிடித்தார். ஆமாம், நீ கிளம்பிப் போன பிறகு ஒன்றிரண்டு டைல்களை எடுத்து மறுபடி போட்டிருக்கிறோம் என்று காண்டிராக்டர் தயங்கித் தயங்கி ஒப்புக்கொண்டார். பள்ளிக்கூட வேலை இரக்கப்பட்டுக் கொடுத்ததா என்று பம்பரம் நேரடியாகவே கேட்டார். "இரக்கம்தான். அதனால என்ன? முதல் நாள் வந்து நில்லு. சரிப்பட்டா இரு. சரிப்படலைன்னா அன்னைக்கே மூஞ்சிக்கு நேரா சொல்லிடுறேன், இனிமே ஒளிக்க மாட்டேன்" என்றார் காண்டிராக்டர். பம்பரத்துக்கு அது ஆறுதலாகவும் இருந்தது, அடிமடியில் கை வைத்தது போலவும் இருந்தது.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் ரசமட்டத்துக்கு எதுவும் தப்பவில்லை. அலமாரித் தட்டு, ஜன்னல் விளிம்பு, அடுப்பு மேடை, தலைமாட்டுப் பலகை. ஒற்றைக் கண்ணை மூடிப் பார்ப்பார், தனக்குள் ஒரு கணக்குச் சொல்லிக்கொள்வார், பிறகு ரசமட்டத்தை வைப்பார். ஆரம்பத்தில் குமிழி அவர் மூக்கை உடைத்துக்கொண்டே இருந்தது. எல்லாத் தப்பும் ஒரே பக்கத்துத் தப்பு. நிலைக்கண்ணாடி முன் நின்று இரண்டு தோளையும் சமமாக வைக்கும் பயிற்சியைச் செய்வார். திட்டிக்கொண்டே செய்வார், ஆனால் விடாமல் செய்வார். தரையைத் தொட வேண்டுமானால் ஆபரேஷன் ஆன பக்கத்து முழங்காலை மட்டும் ஊன்றி, சுவரைப் பிடித்து, முதுகு வளையாமல் இறங்க வேண்டும் என்று பிசியோதெரபிப் பெண் கற்றுக்கொடுத்தார். குளியலறைத் தரையை மாற்ற ஆள் அனுப்புவதாகக் காண்டிராக்டர் சொன்னபோது, நான் போட்ட தப்பை நானே எடுப்பேன், அதுவரை கிடக்கட்டும் என்றுவிட்டார். இப்போது வைப்பர் போடுவது அவர் வேலை. குமிழி சில நாள் அவர் சொன்னபடி கேட்டது. சில நாள் கேட்கவில்லை. பள்ளிக்கூடத்துக்குப் போகும் நாள் நெருங்க நெருங்க, ராத்திரியில் படுக்கையிலேயே கால் நடந்துகொண்டிருந்தது.

அந்த நாளும் வந்தது. ஜன்னல் மாட்டாத தாழ்வாரம், சிமெண்ட் வாசனை, சுவரோரம் அடுக்கிவைத்த டைல் பெட்டிகள். முதல் வரிசை டைல்களை அதற்குள் பதித்து வைத்திருந்தார்கள். பம்பரம் ஊன்றுகோலில்லாமல் நடந்து வந்தார். பழைய கூட்டாளிகள் எழுந்து வழிவிட்டார்கள். ஒருவர் பெயின்ட் வாளியைத் துடைத்துக் கவிழ்த்து வைத்தார். அது ரொம்பத் தாழ்வு என்று இன்னொருவர் அதட்ட, அவசரமாக எடுத்துவிட்டார். பந்தயம் என்று யாரும் வாயைத் திறக்கவில்லை. காண்டிராக்டர் தள்ளி நின்று போனைப் பார்ப்பதுபோலப் பாவனை செய்துகொண்டிருந்தார்.

"சொல்லுங்கண்ணே" என்றார் ஒருவர், நோயாளியிடம் பேசுகிற மெல்லிய குரலில்.

பம்பரம் இரண்டு காலிலும் சமமாக நின்றார். அப்படி நிற்பது அவருக்கு இன்னமும் கோணலாகத்தான் இருந்தது. இடது கண்ணை மூடினார். தாழ்வாரத்தின் கடைசிவரை பார்வை போய்த் திரும்பியது. எல்லோரும் தரையைப் பார்க்காமல் அவர் முகத்தையே பார்த்தார்கள்.

"அந்தத் தூணோரம் ஒரு நூல் கம்மின்னு தோணுது" என்றார்.

கூட்டாளிகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரோ சரி என்று தலையாட்டிவிட்டுக் கரணையை எடுக்கப் போனார். பம்பரம் கையைக் காட்டி அவரை நிறுத்தினார். தூண்வரை நடந்து போனார். இடுப்பிலிருந்து ரசமட்டத்தை உருவினார். தூணைப் பிடித்து, ஒற்றை முழங்காலை ஊன்றி, மெதுவாக இறங்கி அதைத் தரையில் வைத்தார். குமிழி ஆடிக்கொண்டிருந்தது. அது நிற்பதற்கு முன்பே அவர் தன் தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, மற்றவர்கள் குனிந்து பார்க்க இடம் விட்டார்.